பச்சைக் கோடு: டெஸ்ட் எழுத வேண்டியது யார்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெசேஜ்கள்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. "டெஸ்டிங்குக்குன்னு தனி டீம் இருக்கும்போது, யூனிட் டெஸ்ட்ட ஏன் டெவலப்பரே எழுதணும்?" சிலர் இதையே தலைகீழா கேட்டிருந்தீங்க. "டெவலப்பரே டெஸ்ட் எழுதிட்டா, அப்புறம் டெஸ்டர் எதுக்கு?"

ரெண்டாவது கேள்வி எனக்குக் கொஞ்சம் சுடும். ஏன்னு சொல்றேன்.

இன்ஜினியரிங் முடிச்சு நான் சேர்ந்த முதல் வேலை மேனுவல் டெஸ்டிங். ஒரு பார்சல் கம்பெனிக்கான பில்லிங் சாஃப்ட்வேர். எங்க டீம்ல ஒரு அக்கா இருந்தாங்க. டெஸ்டிங்ல பத்து வருஷத்துக்கு மேல அனுபவம். அவங்க மேசையில எப்பவும் ஒரு கால்குலேட்டர் இருக்கும். கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு எதுக்கு கால்குலேட்டர்னு நாங்க பசங்க எல்லாம் கிண்டல் பண்ணுவோம். அவங்க முதல்ல கட்டண அட்டையைப் பார்த்து ஒரு பில்லை கையால போடுவாங்க. விடையை நோட்டுல எழுதுவாங்க. அதுக்கப்புறம்தான் ஸ்க்ரீனைப் பார்ப்பாங்க. "ஸ்க்ரீனை முதல்ல பார்த்துட்டா அதுதான் சரின்னு தோணிடும்பா" என்பார்கள்.

ஒண்ணரை வருஷத்துல நான் டெவலப்மென்ட் பக்கம் போனேன். அங்கே எனக்குக் கொடுத்த முதல் வேலை, அந்த பில்லிங் கோடுக்கு ஆட்டோமேட்டட் டெஸ்ட் எழுதுறது. ஆசையா எழுதினேன். ராத்திரி பில்ட் ஓடும், காலையில பச்சைக் கலர்ல ரிசல்ட் இருக்கும். அடுத்த வருஷம் அந்த மேனுவல் டெஸ்டிங் டீமைக் கலைச்சுட்டாங்க. அக்காவும் போயிட்டாங்க. என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை. ஆனா மீட்டிங்ல காட்டின ஸ்லைடுல இருந்தது நான் எழுதின டெஸ்ட்டோட எண்ணிக்கை.

அந்தப் பச்சைக் கலர் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிப் போனதுதான் இன்னைக்கு எபிசோட்.

கையால போட்ட கணக்கு

முதல்ல 1957க்குப் போவோம். டேனியல் மெக்ராக்கன் என்பவர் டிஜிட்டல் கம்ப்யூட்டர்களுக்கு நிரல் எழுதுவது பற்றி ஒரு பாடப்புத்தகம் வெளியிட்டார். இந்தத் துறையோட ஆரம்பகாலப் பாடப்புத்தகங்கள்ல அது ஒண்ணு. அதில் அவர் சொல்லும் யோசனை இது: கோட் எழுத ஆரம்பிக்கும் முன்பே ஒரு கணக்கைக் கையால போட்டு விடையை வெச்சுக்கோ. பிறகு மெஷின் தரும் விடையை அதோட ஒப்பிட்டுப் பார்.

அதாவது எங்க அக்காவோட கால்குலேட்டர், 1957லயே புத்தகத்துல இருந்திருக்கு.

அதே காலத்துல அமெரிக்கா மனிதனை விண்வெளிக்கு அனுப்பும் மெர்க்குரி திட்டத்தைத் தொடங்கியது. அதன் மென்பொருள் குழு அரை நாள் அளவுக்கு வேலையைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் முன்னாடி டெஸ்ட்டைத் திட்டமிட்டு எழுதியது. இன்னைக்கு நம்ம ஆபீஸ்ல புதுசு மாதிரி பிரசன்டேஷன் போட்டுச் சொல்ற விஷயம் அறுபது வருஷத்துக்கு மேல பழசு.

அப்புறம் இது ஏன் காணாமப் போச்சு? ஒரு காரணம், டெஸ்டிங் தனித் தொழிலாக வளர்ந்தது. 1979ல் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பற்றி எழுதிய புத்தகம் இந்தத் துறைக்கே அடிப்படை நூல் ஆனது. அதில் ஒரு கொள்கை: ஒரு புரோகிராமர் தன்னுடைய புரோகிராமைத் தானே டெஸ்ட் செய்வதைத் தவிர்க்க வேண்டும்.

காரணம் ரொம்ப மனுஷத்தனமானது. கட்டினவனுக்கு இடிக்க மனசு வராது. அதைவிட முக்கியமா, தேவையை நான் தப்பா புரிஞ்சுக்கிட்டிருந்தா, அதே தப்போடதான் டெஸ்ட்டும் எழுதுவேன். கோடும் தப்பு, டெஸ்ட்டும் தப்பு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு தலையாட்டிக்கும்.

மையர்ஸ் சொன்னது நியாயம். ஆனா நடைமுறையில அது ஒரு சுவராவே மாறிடுச்சு. டெவலப்பர் இந்தப் பக்கம், டெஸ்டர் அந்தப் பக்கம். கோட் எழுதி சுவருக்கு அந்தப் பக்கம் வீசணும், பக் ரிப்போர்ட் திரும்பி வரும். நான் வேலை பார்த்த இடத்துல அந்தச் சுவர் நிஜமாவே ஒரு மாடி வித்தியாசமா இருந்தது.

ஆப்ஜெக்ட்டுக்குள்ள என்ன இருக்கு?

இந்தச் சுவரை முதல்ல அசைச்சது ஆப்ஜெக்ட்தான்.

1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடீல் கோல்ட்பெர்க் ஆகியோர் இருந்த குழு ஸ்மால்டாக் என்ற மொழியை உருவாக்கியது. அதில் எல்லாமே ஆப்ஜெக்ட். எண்ணும் ஆப்ஜெக்ட், எழுத்தும் ஆப்ஜெக்ட். ஒவ்வொண்ணும் தன் நிலையைத் தனக்குள்ள மறைச்சு வெச்சுக்கும். வெளியே இருந்து மெசேஜ் அனுப்பலாம், பதில் வாங்கலாம், அவ்வளவுதான்.

பழைய மாதிரி ஒரு ஃபங்ஷன்னா, இதைக் கொடுத்தேன், அது வந்துச்சுன்னு பார்த்துடலாம். ஆப்ஜெக்ட் அப்படி இல்லை. ஒரே மெசேஜை ரெண்டு தடவை அனுப்பினா ரெண்டு பதில் வரலாம். நடுவுல என்ன நடந்ததுங்கறதைப் பொறுத்தது. ஏடிஎம்ல ஆயிரம் ரூபாய் கேட்டா முதல் தடவை வரும். ரெண்டாவது தடவை வருமா என்பது உங்க அக்கவுன்ட்டைப் பொறுத்தது, இல்லையா? அதனால ஒரு ஆப்ஜெக்ட்டை டெஸ்ட் பண்ணணும்னா, அதை முதல்ல தெரிஞ்ச ஒரு நிலைக்குக் கொண்டுவரணும். அதைச் சுலபமா செய்யக்கூடிய ஆள், அந்த ஆப்ஜெக்ட்டை எழுதினவர்தான்.

ஸ்மால்டாக்ல ஒரு வசதி இருந்தது. ஒரு ஜன்னல்ல ரெண்டு வரி கோட் எழுதி, செலக்ட் பண்ணி, அங்கேயே ஓட்டி விடையைப் பார்க்கலாம். இன்னைக்கு பைத்தான் கன்சோல்ல நாம செய்ற மாதிரி. எல்லாரும் அப்படித்தான் டெஸ்ட் பண்ணினாங்க. ஓட்டிப் பார்த்து, சரியா இருந்தா ஜன்னலை மூடிடுவாங்க. அந்த டெஸ்ட்டும் அதோட போச்சு. அடுத்த வாரம் வேற யாராவது கோடை மாத்தினா, மறுபடி யார் ஓட்டிப் பார்ப்பது?

ஸ்மால்டாக் புரோகிராமரான கென்ட் பெக் பிடிச்சது இந்த இடத்தைத்தான். 1994 அக்டோபரில் ஸ்மால்டாக் ரிப்போர்ட் என்ற இதழில் அவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். யோசனை எளிமையானது: அந்த ரெண்டு வரியைத் தூக்கிப் போடாதே. அதையும் ஒரு ஆப்ஜெக்ட்டா ஆக்கி வெச்சுக்கோ.

அதாவது டெஸ்ட் என்பதே ஒரு ஆப்ஜெக்ட். செட்அப் என்று ஒரு மெத்தட், சோதிக்க வேண்டிய பொருட்களைத் தெரிந்த நிலையில் தயார் செய்யும். பிறகு ஒரு மெத்தட், செய்து பார்த்துச் சரியா என்று கேட்கும். இப்படிப் பல டெஸ்ட்களைக் கட்டி வைத்தால் அது ஒரு சூட். ஓட்டினால் ஒரு ரிசல்ட் ஆப்ஜெக்ட் திரும்பி வரும். அதில் இன்னொரு நுணுக்கம்: எதிர்பார்த்த விடை வராதது வேறு, எதிர்பாராமல் புரோகிராமே விழுந்தது வேறு. ரெண்டையும் தனித்தனியா எண்ணினார். இன்னைக்கும் உங்க ரிப்போர்ட்ல ஃபெயிலியர், எரர்னு ரெண்டு எண் தனியா வருதே, அது அங்கிருந்து வந்தது.

ஸ்க்ரீனை கிளிக் பண்ணி ஓட்டும் டெஸ்ட்கள் மேல அவருக்கு நம்பிக்கை இல்லை. பட்டன் கொஞ்சம் நகர்ந்தாலே உடைஞ்சுடும் என்பது அவர் அனுபவம். அதனால் டெஸ்ட்டையும் ஸ்மால்டாக்லயே எழுது, டெவலப்பரே எழுதட்டும் என்றார். டெவலப்பரின் நேரத்துல கால் பங்கிலிருந்து பாதி வரை டெஸ்ட்டுக்கே போகட்டும் என்றும் சொன்னார். இதை உங்க மேனேஜர்கிட்ட சொல்லிப் பாருங்க, முகம் எப்படி மாறுதுன்னு!

பின்னாடி பெக் சொன்ன இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிக்கும். அவர் சின்ன வயசுல ஒரு பழைய புரோகிராமிங் புத்தகம் படிச்சிருக்கார். உள்ளீட்டு டேப்பை எடு, என்ன வெளியீடு வரணும்னு நீயே கையால ஒரு டேப்புல அடிச்சு வை, ரெண்டும் பொருந்தும் வரை புரோகிராம் பண்ணு. இதுதான் அதில் இருந்த யோசனை. டெஸ்ட் ஃப்ரேம்வொர்க் எழுதின பிறகு அது ஞாபகம் வந்து, டெஸ்ட்டை முதல்ல எழுதிப் பார்த்திருக்கார். அதனாலதான் டெஸ்ட்டை முதலில் எழுதும் முறையைக் கண்டுபிடிச்சேன்னு அவர் சொல்லிக்கிறது இல்லை. மறுபடி கண்டெடுத்தேன்னுதான் சொல்றார்.

சம்பளக் கணக்கு

இந்த யோசனைக்குப் பெரிய பரீட்சை கிறைஸ்லர் கார் கம்பெனியில் நடந்தது. எல்லா ஊழியர்களின் சம்பளக் கணக்கையும் ஒரே சாஃப்ட்வேருக்குள் கொண்டுவரும் திட்டம், சுருக்கமா சி3. ஸ்மால்டாக்கில் எழுதினார்கள். திட்டம் தடுமாறிக்கொண்டிருந்தபோது, 1996ல் பெக் உள்ளே வந்தார். இருந்ததை ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். ரான் ஜெஃப்ரீஸும் சேர்ந்தார். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்று பின்னாடி பெயர் பெற்ற முறை அங்கே உருவானது.

அங்கே ரெண்டு வகை டெஸ்ட் இருந்தது. ஒன்று டெவலப்பர்கள் எழுதிய யூனிட் டெஸ்ட். அது நூற்றுக்கு நூறு பாஸ் ஆகாமல் கோடை உள்ளே சேர்க்க முடியாது. இன்னொன்று, இந்த ஆளுக்கு இந்த மாசம் இவ்வளவு வரணும் என்று சம்பளக் கணக்கு தெரிந்தவர்கள் தந்த டெஸ்ட். இந்த ரெண்டாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

1997 மே மாதம் சுமார் 10,000 பேருக்கு அந்த சாஃப்ட்வேர் சம்பளம் போட்டது. இலக்கு 87,000 பேர். ஆனால் அந்த இலக்கை எட்டும் முன்பே, 2000 பிப்ரவரியில் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆக சி3யை முழு வெற்றின்னும் சொல்ல முடியாது.

விமானத்துல பிறந்த ஃப்ரேம்வொர்க்

1997 அக்டோபர். ஆப்ஜெக்ட் உலகத்தின் பெரிய மாநாடான ஊப்ஸ்லா, அட்லாண்டாவில் நடந்தது. சூரிச்சிலிருந்து அங்கே பறந்த விமானத்தில் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். காமா யாருன்னு தெரியும்ல? டிசைன் பேட்டர்ன்ஸ் புத்தகத்தை எழுதிய நாலு பேரில் ஒருவர். ஜாவா வெளியாகி ரெண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பெக்கின் ஸ்மால்டாக் ஃப்ரேம்வொர்க்கை ரெண்டு பேரும் சேர்ந்து ஜாவாவில் எழுதினார்கள். அதையும் டெஸ்ட் எழுதிக்கொண்டே எழுதினார்கள். அதுதான் ஜேயூனிட்.

ரொம்பச் சின்ன கோட்தான். மெத்தட் பெயர் டெஸ்ட் என்று தொடங்கினால் போதும், அதுவே கண்டுபிடித்து ஓட்டும். கூடவே ஒரு சின்ன ஜன்னல், அதில் ஒரு கோடு. எல்லாம் பாஸ் என்றால் பச்சை, ஒன்று விழுந்தாலும் சிவப்பு. தினமும் காலையில நான் பார்த்த பச்சையோட தாத்தா இதுதான்.

டெவலப்பருக்கு டெஸ்ட் எழுதறது தண்டனையா இருந்த காலத்துல, இந்தக் கோடு அதை ஒரு பழக்கமா மாத்திடுச்சு. ஒரு வரி மாத்து, ஓட்டு, பச்சை. இன்னொரு வரி, ஓட்டு, பச்சை. பயமில்லாம பழைய கோடைத் தொட முடிஞ்சது. இதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். வேற யாரோ எழுதின ஐயாயிரம் வரி கிளாஸை ஒரு டெஸ்ட்டும் இல்லாம மாத்தச் சொல்லும்போது வயித்துல ஒண்ணு பிசையும் பாருங்க, அதுக்கு மருந்து இந்தப் பச்சைதான்.

அங்கிருந்து ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. சி பிளஸ் பிளஸ், டாட் நெட், பைத்தான். ஸ்டீவ் பர்செல் எழுதிய பைத்தான் வடிவம் 2001ல் வந்த பைத்தான் 2.1இல் மொழியோடவே சேர்ந்துவிட்டது. பைத்தான் எழுதறவங்க ஒண்ணு கவனிச்சிருப்பீங்க. அந்த மொழியில் மெத்தட் பெயர்களை அடிக்கோடு போட்டுப் பிரிப்பதுதான் வழக்கம். ஆனா யூனிட்டெஸ்ட் மாட்யூல்ல மட்டும் செட்அப்புக்கு நடுவுல ஒரு பெரிய எழுத்து நிக்கும். அது 1994 ஸ்மால்டாக் கட்டுரையிலிருந்து ஜாவா வழியா வந்த பரம்பரை மச்சம்.

பச்சை காட்டாதது

இப்ப நம்ம கதைக்கு வருவோம்.

அக்கா போய் சில மாசம் ஆனதும் அந்த பில்லிங்ல ஒரு புது வசதி வந்தது. ஐஸ் பெட்டியில வெச்சு அனுப்பும் மருந்து பார்சல். பார்சல் என்ற கிளாஸ் ஏற்கனவே இருந்தது. அதிலிருந்து குளிர்பார்சல் என்று ஒரு சப்கிளாஸ் எடுத்தேன். எடை என்ற மெத்தட்டை மட்டும் மாத்தினேன், ஐஸ் பெட்டியோட எடையையும் சேர்க்கற மாதிரி. கட்டணம் அந்த மொத்த எடைக்குத்தான். அதுக்கு டெஸ்ட் எழுதினேன். பச்சை.

தாய் கிளாஸ்ல ஏத்துக்கூலின்னு இன்னொரு மெத்தட் இருந்தது. சரக்கு 10 கிலோவைத் தாண்டினா கூலி சேரும். அதை நான் தொடவே இல்லை. அது ஏற்கனவே டெஸ்ட் ஆனது. ஆனா அது உள்ளுக்குள்ள கூப்பிட்டது எடை மெத்தட்டை. குளிர்பார்சல்ல அது நான் எழுதின புது எடை. 8 கிலோ மருந்து, 3 கிலோ ஐஸ் பெட்டி, மொத்தம் 11. சரக்கு 8 கிலோதான், கூலி சேரக்கூடாது. ஆனா சேர்ந்துடுச்சு.

மூணு மாசம். ராத்திரி ராத்திரி பச்சை. கடைசியில ஒரு சின்ன ஊர் மெடிக்கல் ஷாப்காரர், பில்லோட பின்பக்கம் பேனாவால கணக்குப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பினார். அவர் போட்டதுதான் சரி. கூடுதலா வாங்கின பணத்தைக் கணக்கெடுத்துத் திருப்பிக் கொடுக்கவே ரெண்டு வாரம் ஆச்சு.

இதுல எனக்கு வெட்கமான விஷயம், இது 1990லயே எழுதி வெச்ச விஷயம். டுவேய்ன் பெரி, கெயில் கைசர் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் ஆப்ஜெக்ட் முறையில் டெஸ்டிங் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்ஹெரிட்டன்ஸ் இருந்தா டெஸ்டிங் குறையும் என்று எல்லாரும் நினைத்த காலம். தாய் கிளாஸ்ல சோதிச்சாச்சு, பிள்ளைக்கு எதுக்கு? அவர்கள் பதில்: பிள்ளைக்கும் வேணும். இடம் மாறினா அதே மெத்தட் வேற மாதிரி நடந்துக்கலாம். எலைன் வெயூக்கர் முன்பே வகுத்திருந்த விதிகளை வைத்து இதைக் காட்டினார்கள். அந்த விதிகளில் ஒன்று, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியா நல்லா சோதிச்சாலும், சேர்த்த முழுமையைச் சோதிச்சதா ஆகாது.

ஆப்ஜெக்ட்டுக்கு வெளியிலும் இதே பாடம் உண்டு. 1996 ஜூன் 4. ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்தில் கிளம்பி ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, வெடித்துச் சிதறியது. ஏரியன் 4இல் நன்றாக ஓடிய வழிகாட்டும் மென்பொருளை அப்படியே எடுத்து வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டின் பாதை வேறு. ஒரு பெரிய எண்ணை 16 பிட் இடத்துக்குள் அடைக்கப் பார்த்தபோது அது கொள்ளவில்லை. பழைய ராக்கெட்டில் சரியாக இருந்த கோட்தான்.

கட்டுரையில இருந்த ஒரு வரி

இந்த எபிசோடுக்காக 1994 கட்டுரையை மறுபடி படிச்சேன். டெவலப்பர்கள் தங்கள் யூனிட் டெஸ்ட்டைத் தாங்களே எழுதட்டும் என்ற பரிந்துரை, எல்லாரும் எடுத்துக்கிட்டது. அதுக்குப் பக்கத்துலயே இன்னொரு பரிந்துரை இருக்கு. பாகங்களைச் சேர்த்துப் பார்க்கும் இன்டக்ரேஷன் டெஸ்ட்களை ஒரு தனி டெஸ்டர் எழுதட்டும் என்கிறார் பெக். கோட் எழுதினவரைச் சாராத ஒருவர்.

மையர்ஸ் சொன்னதை பெக் தூக்கிப் போடலை. பங்கு பிரிச்சார். ஆப்ஜெக்ட்டோட உள்ளே தெரிஞ்சவர் உள்ளே பார்க்கட்டும், வெளியே நிக்கிறவர் சேர்த்துப் பார்க்கட்டும். கிறைஸ்லரிலும் அப்படித்தான் ரெண்டு வகை டெஸ்ட் இருந்தது. நாங்க செஞ்சது, முதல் பாதியை எடுத்துக்கிட்டு ரெண்டாவது பாதியைச் செலவுன்னு எழுதிட்டோம். ஆட்டோமேஷன் மேல எனக்குக் கோபம் இல்லை. ஐயாயிரம் டெஸ்ட்டை ராத்திரி ஓட்ட மெஷின்தான் வேணும். ஆனா எதைச் சரின்னு வெச்சு ஒப்பிடறதுங்கற கேள்விக்கு மெஷின்கிட்ட பதில் இல்லை. அதை யாராவது ஒருத்தர் தனியா உட்கார்ந்து, ஸ்க்ரீனைப் பார்க்காம, போடணும்.

அந்த பக் வந்தப்புறம் அக்காவுக்கு போன் பண்ணினேன். வேற கம்பெனியில சேர்ந்திருந்தாங்க, நடுவுல எட்டு மாசம் வேலை இல்லாம இருந்துட்டு. நடந்ததை முழுசா சொன்னேன். "ஒரு முழு பில்லு போட்டுப் பார்த்தியாப்பா?" என்று மட்டும் கேட்டாங்க. இல்லக்கான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் அவங்க பையன் ஸ்கூல் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க.

இப்ப நான் இருக்கற டீம்ல ஒரு வழக்கம் வெச்சிருக்கேன். சப்கிளாஸ் எழுதினா, தாய் கிளாஸோட டெஸ்ட் அத்தனையும் பிள்ளை மேலயும் ஓடணும். பாஸ் ஆகாத டெஸ்ட்டுக்கு, ஏன் ஆகலைன்னு ஒரு வரி எழுதணும். அப்புறம் ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்னாடி, அந்தக் கோடை எழுதாத ஒருத்தர் பத்து பில்லைக் கையால போடணும். அரை நாள் ஆகும். இதுக்குன்னே ஒரு டெஸ்டரை வேலைக்கு எடுக்கணும்னு மேல கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரலை.

உங்க ஆபீஸ்ல இப்ப இந்த வேலையை யார் செய்றாங்க? டெஸ்டிங்ல இருந்து டெவலப்மென்ட் வந்தவங்க, இன்னும் டெஸ்டிங்ல இருக்கறவங்க, ரெண்டு பேரும் வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சேர்த்துப் போடறேன்.